பார்க்காமல் போட்ட டிக்

என் ராசா,

அம்மா எழுதுகிறேன். அங்கே உன் உடம்பும் வேலையும் சாப்பாடும் தூக்கமும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கு ஏற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுத வழக்கம்போலக் கை போகிறது, ஆனால் பொய் எழுதி எழுதியே கெட்டுப்போன கை இது, இந்தக் கடிதத்திலாவது அதை அடக்கி வைக்கிறேன். நீ அனுப்பிய கண் சான்றிதழ் படிவம் வந்து சேர்ந்தது. "நீதானேம்மா டிப்போ மருந்து ரூம்ல இருக்க, டாக்டர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பிடு, இங்க லீவு போட்டு வரிசையில போய் நிக்க முடியாது" என்று போனில் சொன்னாய் அல்லவா, அந்தச் சான்றிதழ் வராது. ஏன் வராது என்று முழுசாகப் படி, பாதியில் மடித்துத் தலையணைக்கு அடியில் வைக்காதே. போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்புவாய், நான் அழுது காரியத்தைக் கெடுப்பேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பா ஓட்டின பஸ்ஸில் லேசான இடி, ஒரு மாசம் லீவில் இருக்கிறார் என்று உன்னிடம் சொல்லி வைத்தோம். இடி லேசானது இல்லை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஆயா ஒருத்தி, நம் பெரியம்மா வயசு இருக்கும், கைகாட்டிக்கொண்டே ரோட்டைக் கடந்திருக்கிறாள். உன் அப்பா பஸ்ஸை நேரே விட்டிருக்கிறார். தோள்பட்டை எலும்பு உடைந்து, இடது கை தூக்க முடியாமல் கிடக்கிறாள். வீட்டுக்கு வந்து உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, "அவ எங்கேருந்து வந்தா, வானத்துலேருந்து குதிச்சாளா?" என்று அதட்டினார். சங்கத்து ஆட்கள் நாலு பேர் வந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். நானும் அவரை நம்பிக்கொண்டுதான் அந்த ஆயாவைப் பார்க்கப் போனேன். அவள் ஒரு திட்டு திட்டவில்லை. "அவரு மூஞ்சியப் பாத்துட்டுத்தாம்மா கால வெச்சேன், என்னப் பாத்துட்டாருன்னு நெனச்சேன்" என்றாள். ஆறேழு மாசமாக வீட்டில் நடப்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் வரிசையாக நினைவுக்கு வந்தது. இடது பக்கம் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார், கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார், தெருவில் பக்கத்தில் வருகிறவர்களை மோதிவிட்டு அவர்களையே முறைப்பார். நான் என்ன செய்தேன், கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று கத்தினேன். கத்தத் தெரிந்த வாய்க்குக் கேட்கத் தெரியவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வரவே மாட்டேன் என்றார், தூரத்து பஸ்ஸின் நம்பர் பலகையைப் படித்துக் காட்டி, "பாத்தியா, கழுகுக் கண்ணு" என்று மார் தட்டினார். அங்கே ஒரு பெட்டியில் தாடையை வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, எங்கே வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் அமுக்குங்கள் என்றார்கள். உன் அப்பா அமுக்கவே இல்லை. நான் அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து, ஏங்க அமுக்குங்க என்று முதுகில் தட்டினேன். புள்ளி வந்துகொண்டேதான் இருக்கிறது அம்மா, அவருக்குத் தெரியவில்லை என்று அந்த நர்ஸ் பெண் மெதுவாகச் சொன்னாள். கண் டாக்டரம்மா பிறகு விளக்கினார். கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றிருக்கிறதாம், க்ளக்கோமா என்று பெயர். ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருமாம், வலி கிடையாது, சிவப்பு கிடையாது, நேரே பார்க்கிற பார்வை கடைசி வரை நன்றாக இருக்குமாம், அதனால்தான் நம்பர் பலகை தெரிகிறது, பக்கத்தில் வருகிற மனுஷி தெரியவில்லை. "போனது போனதுதாம்மா, இனி வராது. இருக்கறத சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம், ஒரு வேளைகூட விடக்கூடாது" என்றார். உன் தாத்தா ஐம்பத்தைந்து வயசில் சுவரைத் தடவி நடந்ததை வயசாகிவிட்டது என்று சொல்லித் தள்ளிவிட்டோமே, அதுவும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார். பிறகு உன் அப்பாவின் பழைய தகுதிப் படிவங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, போன வருஷமும் பக்கப் பார்வை சரி என்று போட்டிருக்கிறதே, எந்தப் புண்ணியவான் பார்த்தது என்று கேட்டார். நான்தான் என்று சொன்னேன். அந்த அறையில் அதற்குப் பிறகு என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

உனக்குத் தெரியாத வெட்கக்கேட்டைச் சொல்கிறேன் கேள். பத்தொன்பது வருஷமாக டிப்போ மருந்தறையில் டிரைவர்களின் கண் பார்க்கக் கையில் குச்சியோடு நிற்கிறவள் நான். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வந்து, நான் நிரப்பி வைத்த படிவத்தில் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். வெறும் படிவத்திலும் போட்டு வைப்பார், நான் பின்னால் நிரப்பிக்கொள்வேன். சுவரில் தொங்குகிற எழுத்துப் பலகை நான் சேர்ந்த நாள் முதல் அதே பலகை, அத்தனை டிரைவர்களுக்கும் அது மனப்பாடம். புதிதாக வருகிறவனுக்கு மூத்தவன் சொல்லிக் கொடுப்பான், கியர் போடக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் கடைசி வரியைக் கற்றுக்கொடுத்துவிடுவான். நான் குச்சியைத் தூக்குவதற்குள் ஒப்பித்து முடித்துவிடுவார்கள். கொசு என்று ஒரு டிரைவர் இருக்கிறானே, சின்ன வயசில் நீ அப்பாவோடு வரும்போது உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு டிப்போவைச் சுற்றுவானே, அவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளையடிக்க அந்தப் பலகையைக் கழற்றிக் கீழே சாய்த்து வைத்திருந்தோம். அவன் வந்தான், வெறும் சுவரைப் பார்த்து நிமிர்ந்து நின்று, மேலிருந்து கீழ் வரை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தான். வெள்ளையடிக்கிறவர் ஏணியிலிருந்து விழப் பார்த்தார், அப்படிச் சிரிப்பு. நானும்தான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துவிட்டு, பார்வை சரி என்று எழுதி அனுப்பினேன். அவன் அன்றைக்கும் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போனான். இப்போது நினைத்தால் என் சிரிப்பே எனக்குக் குமட்டுகிறது. தூ.

பலகை மட்டும் இல்லை. அலமாரியில் ஒரு சொட்டு மருந்துக் குப்பி இருந்தது, மூடி எங்கே போனதோ, நுனியில் பீளை காய்ந்து ஒட்டியிருக்கும், கண் உறுத்துகிறது என்று வருகிறவன் எல்லாம் அதைத்தான் இமையில் தேய்த்துச் சொட்டிக்கொண்டு போவான். ஒருத்தனுக்குக் கண் சிவந்தால் ஒரு வாரத்தில் டிப்போவே சிவக்கும், நாங்கள் தூசி என்போம். அந்தக் குப்பியை என் கையால் எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பேன். எல்லாவற்றையும் விட மோசம் அந்தப் பக்கப் பார்வைக் கட்டம். எதிரே உட்கார்ந்து ஒரு கண்ணை மூடச் சொல்லி, என் விரலை ஓரத்தில் ஆட்டி, தெரிகிறதா என்று கேட்க வேண்டும், இரண்டு நிமிஷ வேலை. நாற்பது தாண்டினவர்களை அழுத்தம் பார்க்கக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. ஒரு நாளும் செய்ததில்லை. மாசம் பிறந்ததும் படிவங்களை அடுக்கி, அந்தக் கட்டத்தில் மட்டும் வரிசையாக டிக் போட்டுத் தயாராக வைத்துவிடுவேன், ஆள் வருவதற்கு முன்னாலேயே. உன் அப்பாவுக்கும் அப்படித்தான். ஒரே பாயில் படுக்கிற மனுஷனின் கண்ணுக்கு நேரே ஒரு விரலை ஆட்ட எனக்கு நேரமில்லை. பலகையை அவர் ஒழுங்காகவே படித்திருந்தாலும் இந்த நோய் அதில் அகப்பட்டிருக்காதாம், டாக்டரம்மாவே சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு டிப்போவில் எல்லாரும், "பாத்தீங்களா அக்கா, உங்க மேல தப்பே இல்ல" என்று எனக்கு ஆறுதல் சொல்ல வருகிறார்கள். அந்த ஆறுதலைக் கேட்டால் வாயைக் கொப்பளிக்க வேண்டும் போல இருக்கிறது.

நடந்ததை அப்படியே எழுதி மேனேஜர் மேசையில் வைத்தேன். "ஏம்மா, இன்னும் ரெண்டு வருஷம் பேசாம இருந்துட்டு மரியாதையா ஓய்வு வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே" என்றார். விசாரணை முடியும் வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரியான பேச்சுதான், வருத்தமில்லை. வெளியிலிருந்து ஆள் வந்து எல்லாருக்கும் புதுசாகப் பரிசோதனை செய்ததில் நாலு டிரைவர்களை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஒருத்தருக்குச் சர்க்கரை விழித்திரை வரைக்கும் போய் ரத்தம் கசிந்திருக்கிறது, அவர் இதுநாள் வரை கண்ணாடிதான் அழுக்கு என்று துடைத்துக்கொண்டிருந்தாராம். கொசுவுக்கு ஒரு கண்ணில் புரையை எடுத்தாயிற்று, ஒரு நாள் வேலை, மறுநாள் கட்டுப் பிரித்ததும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, நான் இவ்வளவு கிழவனா என்று கேட்டானாம். மற்றவர்கள் என்னைத் தெருவில் பார்த்தால் திரும்பிக்கொள்கிறார்கள். அது பரவாயில்லை. போன வாரம் இரண்டு பேர் வீட்டு வாசலுக்கே வந்து, "அக்கா, புதுப் போர்டுல கடைசி வரி மட்டும் என்னன்னு விசாரிச்சுச் சொல்லுங்க, உங்களுக்குத்தான் டிப்போவுக்குள்ள ஆள் இருக்கே" என்று கேட்டார்கள். உள்ளே உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு மருந்து போட்டுப் படுத்திருக்கிறார், அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டு கேட்கிறார்கள். சீ, போங்கடா என்று கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு யோசித்தேன், அவர்களுக்கு இந்தப் புத்தியைப் பழக்கி விட்டவள் நான்தானே.

உன் அக்காவை உடனே கண் ஆஸ்பத்திரிக்கு ஓட வைத்தேன். அவளுக்கு அழுத்தம் சரியாக இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள். கூடப் போன அவளுடைய சின்ன மகளுக்குத்தான் ஒரு கண் சோம்பலாக இருக்கிறதாம், இத்தனை நாள் ஒற்றைக் கண்ணால்தான் படித்திருக்கிறது குழந்தை, நாம் தலையைச் சாய்த்துப் படிக்கிறாள் அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்தோம். நல்ல கண்ணை மறைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், சின்ன வயசு, தேறிவிடும் என்கிறார்கள். எனக்கும் புரை ஆரம்பம். பத்தொன்பது வருஷம் கண் பார்க்கிற அறையில் நின்றவள் தன் கண்ணை ஒரு தடவை காட்டவில்லை, இதற்கு யாரைத் திட்டுவது.

இப்போது உன்னிடம் வருகிறேன். அப்பாவுக்கு இடி நடப்பதற்கு முந்தின வாரம், நீ கேட்டவுடனேயே, உன் படிவம் வருவதற்குள்ளேயே, டாக்டர் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த வெறும் தாள் ஒன்றை எடுத்து உனக்குச் சான்றிதழ் நிரப்பிவிட்டேன். உன் உயரம், உன் வயசு முப்பத்தாறு, வலது கண் சரி, இடது கண் சரி, பக்கப் பார்வை சரி. நாலு வருஷமாக நேரில் பார்க்காத பிள்ளையின் கண் சரி என்று எழுதினேன், அதுவும் முத்துமுத்தாக. தபாலில் போட வேண்டியதுதான் பாக்கி. அன்றைக்குப் போனில் நீ, "இந்த மாசத்துல ரெண்டாவது தடவ லாரியோட இடது கண்ணாடிய கேட்டுல ஒரசிட்டேம்மா, துறைமுகத்துல கேட்டைச் சின்னதாக்கிட்டானுங்க போல" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அந்தச் சிரிப்பு என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சான்றிதழை எடுத்துப் பொடிப்பொடியாகக் கிழித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். நீ ஓட்டுவது பதினெட்டுச் சக்கரம் ராசா. உன் பக்கத்திலும் யாரோ ஒருத்தி உன் மூஞ்சியைப் பார்த்துவிட்டுக் காலை வைப்பாள்.

லீவு கிடைக்காது என்று சொல்லாதே, கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டுப் போ. எழுத்து மட்டும் படிக்க வைத்து அனுப்பிவிட்டால் எழுந்து வராதே. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இருக்கிறது என்று சொல்லி, அழுத்தம் பார்க்கச் சொல், மருந்து விட்டுக் கண்பாப்பாவைப் பெரிசாக்கிப் பின்னால் நரம்பைப் பார்க்கச் சொல், அந்தப் பொத்தான் பெட்டியில் உட்கார வைக்கச் சொல். மருந்து விட்டால் அன்றைக்கெல்லாம் கண் கூசும், வண்டியைத் தொடாதே, கூட யாரையாவது கூட்டிக்கொண்டு போ. தெரியாத புள்ளிக்குப் பொத்தானை அமுக்காதே, கெட்டிக்காரத்தனம் காட்டுகிற இடம் அது இல்லை. சரியாக இருந்தாலும் வருஷா வருஷம் போ. கோளாறு இருந்தால், இப்போது தெரிந்துவிட்டது என்பதே உனக்கு லாபம், அப்பாவுக்குக் கிடைக்காத லாபம்.

எங்கே இருந்தாலும் தீர்க்காயுசாக, யாருக்கும் தீங்கு செய்யாதவனாக இரு. அம்மா மேல் கோபம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், டாக்டர் கைப்பட எழுதின முடிவு கையில் கிடைத்ததும் எனக்குப் போன் செய்யாதே, அப்பாவுக்குச் செய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அந்த மனுஷர் தன் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பஸ்ஸைப் பற்றியும் பேசவில்லை. காலையும் மாலையும் நான் மருந்து சொட்டும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார், "பையனுக்கும் இத நான் குடுத்துட்டேனாடி?" என்று. தெரியாத கட்டத்தில் சரி என்று சொல்லியே பழகின வாய் எனக்கு, இந்த ஒன்றுக்கு மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது.

உன் பதிலுக்காக அவரோடு உட்கார்ந்திருக்கும்,
அம்மா