திருவிருந்துக்குக் கொடுத்த பெயர்

ஸ்ரீரங்கம்,
3-9-1960, சனிக்கிழமை.

கர்த்தருடைய காவலில் வடக்கே பிலாயில் இருக்கும் என் மகன் விக்டருக்கு அம்மா எழுதுவது.

நீயும் அமிர்தமும் குழந்தையும் சுகந்தானே? இங்கே நான் சுகம். அப்பா சுகமில்லை. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், எழுத்துக்கூட்டி எழுதுகிற எனக்குச் சுற்றி வளைக்க நேரமில்லை.

அப்பாவுக்கு வயிற்றில் கட்டி. திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பது நாளாகிறது. பதினாலாம் தேதி புதன்கிழமை காலை ஆபரேஷன். பிழைத்துவிடுவாரா என்று டாக்டரிடம் கேட்டேன். வயசைப் பாருங்கம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கண்ணிலும் புரை முற்றிவிட்டது, ஆள் யாரென்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார். தினமும் காலையில் கஞ்சித் தூக்கோடு பஸ் ஏறிப் போகிறேன், சாயங்காலம் திரும்புகிறேன்.

அவருக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. அதற்கு அப்புறம் என்ன என்றுதான் பயம். முப்பது வருஷம் உபதேசியாராக ஊர் ஊராகப் போய் இரட்சிப்பு நிச்சயம் என்று பிரசங்கம் செய்த மனுஷர், இப்போது எனக்கு நிச்சயமில்லை என்கிறார். போதகர் ஐயா வந்து, நல்ல மேய்ப்பனான கர்த்தருடைய கையிலிருந்து ஒரு ஆட்டையும் யாராலும் பறிக்க முடியாது என்று சொல்லி ஜெபித்தார். பறிக்க முடியாதுதான் ஐயா, ஆனா நான் ஒரு ஆட்டை வெளியில தள்ளிக் கதவைச் சாத்தினவன், என்னை எதுக்கு அவர் வச்சிருக்கணும் என்று அப்பா கேட்டார். நான் மண்ணச்சநல்லூரில் ஆட்டுப்பட்டிக்குள் வளர்ந்தவள். திமிறுற ஆட்டைத்தாங்க இறுக்கிப் பிடிப்போம் என்றேன். ஆட்டுக்காரி வேதம் சொல்ல வந்துட்டா என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

எந்த ஆடு என்று உனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால், அமிர்தத்தை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு வந்த வாரம், மறுநாள் கோயிலில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்குப் பெயர் கொடுக்க எல்லாரோடும் நீயும் சனிக்கிழமை வரிசையில் நின்றாய். பெயர் எழுதுகிற நோட்டு அப்பா கையில் இருந்தது. இந்துப் பெண்ணைக் கோயிலுக்கு வெளியே கட்டினவன் என்று, போதகரைக்கூடக் கேட்காமல், உன் பெயரை எழுதி அத்தனை பேர் முன்னாலும் கோடு போட்டு அடித்தார். நீ படியிறங்கிப் போனாய். தப்பு அவருடையதுதான், அன்றைக்கே நான் சண்டை போட்டேன். ஆனால் நீயும் அவருக்குப் பிறந்தவன்தானே. இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு கார்டு போட உனக்கு மனசு வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கஞ்சியைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குழந்தை பிறந்தபோது நீ எனக்குப் போட்ட கடிதம் பையில் இருந்தது. அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, விக்டர் உங்களுக்கு எழுதியிருக்கிறான் என்றேன். அப்பா, நான் எல்லாத்தையும் மறந்துட்டேன், நீங்களும் மறந்துடுங்க என்று, நீ எழுதாததையெல்லாம் வாசித்தேன். அவர் கையை நீட்டி அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்குக் கஞ்சி குடித்தார்.

இப்போது கேள். பதிமூன்றாம் தேதி போதகர் ஐயா ஆஸ்பத்திரிக்கே வந்து திருவிருந்து கொடுக்கப்போகிறார். அதற்கு முன் விக்டர் கடிதத்தை ஐயா வாயால் இன்னொரு தரம் கேட்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் பிரித்தால் குழந்தை ஏழு பவுண்டு எடை என்றுதான் அதில் இருக்கும். உடனே எழுது, எக்ஸ்பிரஸ் டெலிவரியில் போடு. என் பொய்யை மெய்யாக்கு என்று பெற்ற பிள்ளையிடம் கேட்க வெட்கமாயிருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

கர்த்தர் உன் மனசோடு பேசட்டும்.

உன் அம்மா,
பவுனம்மாள்.


ஸ்ரீரங்கம்,
13-9-1960, செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.

அன்பு மகன் விக்டருக்கு,

உன் கடிதம் வரவில்லை. நாலு நாளாகத் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடினேன். இன்றைக்கும் தபாலைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். போதகர் ஐயாவை ஆஸ்பத்திரி வாசலிலேயே மடக்கி விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று காவேரிப் பாலம் முழுக்க நினைத்துக்கொண்டே போனேன். போனால், அவர் எனக்கு முன்னாலேயே வந்து கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறார். அப்பாவின் கை தலையணைக்கு அடியில் கடிதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது விக்டர் உங்களுக்குப் போட்ட கடிதமில்லைங்க, நான் பொய் சொல்லிட்டேன் என்றேன்.

தெரியும் என்றார் அப்பா. நீ எழுத்துக்கூட்டித்தான வாசிப்ப, நான்தான சொல்லிக் குடுத்தேன், அன்னைக்கு ஒரே மூச்சுல வாசிச்சியே, அப்பவே தெரியும் என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தும் ஏன் ஐயாவை வாசிக்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன். நீயா வாயைத் தொறக்கணும்னுதான் என்றார். எது போனாலும் அந்த உபதேசியார் புத்தி மட்டும் போகவில்லை.

அப்புறம் போதகர் ஐயாவிடம் சொன்னார். அவன் மன்னிச்சாத்தான் மேய்ப்பன் என்னைச் சேர்ப்பாருன்னு கிடந்தேன் ஐயா, இவ பொய் சொல்லியாவது என்னை விடாம பிடிச்சுக்கப் பார்த்தா, இவளுக்கே விட மனசில்லைன்னா அவருக்கு இருக்குமா, நான் செஞ்சது பாவம்தான், ஆனா பிடிச்சிருக்கிறது அவர் கை என்றார். சொல்லும்போது அழுதார். நாற்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பெயர் கொடுக்கிறேன், எழுதுங்க என்றார். ஐயா நோட்டைப் பிரித்தார். அடைக்கலராஜ் என்று தன் பெயரைச் சொன்னார். அடுத்து விக்டர் என்றார். இல்லாதவர் பெயரை எழுதுகிற வழக்கம் இல்லையே என்று ஐயா தயங்கினார். அடிச்சவன் கேக்குறேன், எழுதுங்க ஐயா, வருவான் என்றார். ஐயா எழுதினார். அடிக்காம இருக்கா பாரு என்று அப்பா என்னிடம் கேட்டார். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்துக் காட்டினேன். அமிர்தம் ஞானஸ்நானம் வாங்கினாலும் வாங்காட்டியும் வந்து என் பக்கத்துல உட்காரட்டும் என்றும் சொன்னார். பிறகு திருவிருந்து வாங்கிக்கொண்டு தூங்கிவிட்டார். நான் கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

நாளைக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், எப்படி முடிந்திருக்கும் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். எனக்குப் பயமாயிருக்கிறது விக்டர். அவருக்கு இல்லை. மன்னித்தேன் என்று எழுது என இனி உன்னை நான் கேட்கமாட்டேன்.

பெயர் கொடுத்துவிட்டு வராமல் போனவரைப் போதகர் வீடு தேடிப் போய்க் கூப்பிடுவது நம் சபை வழக்கம். பிலாய் வரைக்கும் அவரால் வர முடியாது, அதனால் நான் எழுதுகிறேன். உன் பெயர் நோட்டில் அப்படியே இருக்கிறது. உன்னையும் அமிர்தத்தையும் குழந்தையையும் மேய்ப்பர் ஒரு குறையுமில்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்துவிடப்பா.

உன் அம்மா,
பவுனம்மாள்.