நான் எழுதியதற்கே சிவப்புப் பெட்டி

ஐப்பசி, புதன்கிழமை

நிலைக்கும் கதவுக்கும் எத்தனை கன அடி மரம் வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தரும் மென்பொருள் ஒன்றை நானே எழுதி, இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறேன். தேவகோட்டையில் மரப்பட்டறை வைத்திருக்கும் மாமா இன்று அதைத் தன் கம்ப்யூட்டரில் இறக்கியிருக்கிறார். உடனே ஆண்டிவைரஸ் சிவப்புப் பெட்டியைக் காட்டி, ஆபத்து என்று அலறியிருக்கிறது.

"என்ன மாப்ள, வைரஸுங்குது?" என்று போன் செய்தார்.

"அது சும்மா கத்துது மாமா. ரொம்பப் பேரு டவுன்லோட் பண்ணாததுன்னா அப்படித்தான். ஆண்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க."

மாமா கேட்பதாக இல்லை.

"போன வாரம் பேங்க்ல இருந்து பேசுறேன்னு ஒருத்தன் கூப்பிட்டான். அவனும் இதேதான்ப்பா சொன்னான்."

திருடன் சொல்வதைத் தவிர என்னிடம் வேறு வார்த்தை இல்லை. ஆண்டிவைரஸ் கம்பெனிக்கு எழுதினால், பரிசீலிக்கிறோம் என்ற அதே பதில்தான் எப்போதும் வருகிறது. இதற்குள் மாமா பட்டறை ஆட்களிடம், "நம்ம பய போட்டத யாரும் எறக்கிராதீக" என்று சொல்லிவிட்டாராம். அத்தை போனில் சொன்னாள்.

சாப்பிட்டபின் நானே இறக்கிப் பார்த்தேன். என் திரையிலும் அதே சிவப்புப் பெட்டி. எனக்குத் தெரியாமல் யாராவது உள்ளே எதையாவது வைத்திருந்தால்? என்னிடம் இருக்கும் மூலக் கோப்போடு ஒப்பிட்டேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. எல்லாம் என் கையால் அடித்தது.

அந்தப் பெட்டியில் இருந்த 'அனுமதி' பொத்தானுக்கு மேலே அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன்.

இன்னும் அழுத்தவில்லை.