வெள்ளிக்கிழமையே எடுக்கச் சொன்னது நான்தான்

சிங்கவரம் ரோடு,
செஞ்சி.

அன்பு மகள் மோனிகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே கை கால் சுகத்தோடு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. நானும் தம்பி எழிலனும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அவ்வளவுதான். நீ போனை எடுப்பதே இல்லை. எழிலன் உன் கோச் அம்மாவிடம் பேசினான், பிள்ளை பிராக்டிசுக்கு வருகிறாள், ஆனால் யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று சொன்னாராம். கடிதமாக எழுதினால் என்றைக்காவது பிரித்துப் பார்ப்பாய் என்று ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன்.

நைனா இல்லாமல் நெல் ஏலம் போடுகிற கமிட்டியில் வேலையே ஓடவில்லை என்று மூட்டை தூக்குகிற ஆட்கள் தினமும் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். உன் மேட்ச் நடக்கிற நாளில் நெல் மூட்டை மேல் போனைச் சாய்த்து வைத்து எல்லோரையும் கூட்டிவிடுவாராம். பதினேழு வயசுப் பொண்ணு எப்படிப்பட்ட பெரிய பொம்பளைங்களையெல்லாம் தாண்டிக்கினு போவுது பாரு என்பாராம். நீ கோல் போட்ட பிறகு லைன் ஓரம் நிற்பவர் கொடியைத் தூக்கிவிட்டால் மட்டும் கோபம் வந்துவிடும். அந்த ஆளுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பொறாமை என்று கேட்பாராம். அந்த ஆஃப்சைடு விதி அவருக்குக் கடைசிவரை புரியவே இல்லை, புரிந்துகொள்ளவும் அவர் ஆசைப்படவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலையும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர்தான் கேட்டாராம். தண்ணீர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது உன் கோபத்துக்கு வருகிறேன். நீ இம்பாலில் இருந்தாய், ஞாயிற்றுக்கிழமை மேட்ச். நைனாவை எடுத்துடாதீங்க, நாளைக்கு ராத்திரிக்குள்ள வந்துடறேன் என்று போனில் அழுதாய். நானும் சரி என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே எடுத்துவிட்டோம். பெரியப்பாதான் அவசரப்படுத்தினார், அவர் முகத்தில் இனி முழிக்க மாட்டேன் என்று தம்பிக்கு எழுதியிருக்கிறாய். அவர்மேல் பழி போடாதே. அவர் ஐஸ் பெட்டிக்கே சொல்லிவிட்டார். மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை எடுத்தால் செத்தவர் துணைக்கு இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போவார் என்று நம் பக்கம் பயப்படுவார்கள், உனக்குத் தெரியும். பாடையில் ஒரு கோழியைக் கட்டினால் தீர்ந்தது, பிள்ளை வந்து முகம் பார்க்கட்டும் என்றார் பெரியப்பா. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை முழுக்க நீ விமானம் மாறி மாறி வந்துகொண்டிருப்பாய். ஒரு கோழியை நம்பி உன்னை எப்படி வானத்தில் விடுவேன்? அவர்தான் போய்விட்டார், நீ இருக்கிறாய். அதனால் இன்னிக்கே எடுத்துடுங்க என்று நான்தான் சொன்னேன். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள், ஆனால் என்னிடம் சொல். உன் பங்கு வாய்க்கரிசியை எழிலன் போட்டான், இது அக்கா போடறது என்று வாய்விட்டுச் சொல்லித்தான் போட்டான்.

எடுத்தாகிவிட்டது என்று கேட்டதும், இனிமே அங்க வந்து யாரைப் பாக்கறது என்று போனை வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை ஆடினாய். துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து நான் நைனாவின் போனில் உன் மேட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ராஜம்மாள், அப்பன் செத்த ஈரம் காயல, பந்து உதைக்கிறா பாரு என்றாள். சும்மா விடவில்லை, அவங்க நைனா பாக்க ஆசப்பட்டதுதான் இது, உனக்கு இன்னா நோவுது என்று கேட்டேன். எழுந்து போய்விட்டாள். நீ கோல் போட்டதும் மற்ற பெண்கள் ஓடிவந்து உன்மேல் விழுந்தார்கள். நீ சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாய். அதுவரை எனக்குச் சரியாக அழுகையே வரவில்லை, அப்போதுதான் வந்தது. யாரும் இல்லாத ஊரில் என் பிள்ளை சட்டைக்குள் அழுகிறதே என்று அழுதேன்.

கருமாதியை வருகிற ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் உங்கள் கடைசி மேட்ச் என்று எழிலன் சொல்கிறான். ஆடிவிட்டே வா. எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு வந்தாலும் உனக்கு இலை போடுவேன். பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை பேசு, மனுஷர் நொந்துபோய் இருக்கிறார். முட்டியில் வலி இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் காட்டு.

இன்னொன்று. தெருமுனையில் கமிட்டி ஆட்கள் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்திருக்கிறார்கள். நைனா தனியாக நிற்கிற போட்டோ நம்மிடம் ஒன்றுகூட இல்லை. நீ கிளப்பில் சேர்ந்த அன்று அவர் தோளில் கை போட்டு நின்றாயே, அதைத்தான் கொடுத்தோம். உயிரோடு இருக்கிற பிள்ளை அந்தப் படத்தில் இருக்கக் கூடாது என்று உன்னை வெட்டிவிட்டார்கள், ஆனால் தோளில் இருந்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. வேறு அடிக்கச் சொல்லலாம் என்றான் எழிலன். நான் விடவில்லை. வருகிறவர்கள், அது யாரு கை என்று கேட்கிறார்கள். எம் பொண்ணு கை, அவ இன்னும் எடுக்கல என்று சொல்கிறேன்.

கமலக்கண்ணியம்மன் உனக்குத் துணை இருப்பாள். நைனாவுக்கும் சேர்த்து நானே உன்னை வாழ்த்துகிறேன், நல்லா இரு. போனை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அணைத்து மட்டும் வைத்துவிடாதே, அந்தப் பக்கம் மணி அடிக்கிற சத்தமாவது எனக்குக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெ. சுமலதா