பதினோராயிரம் பேர் பார்த்த என்கவுன்டர்

12 அக்டோபர், ஞாயிறு

மந்தைவெளி வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: எங்கள் அடுக்ககத்தின் லிஃப்ட், நீண்ட நாள் இழுபறிக்குப் பின் இன்று காலை 7.10 மணிக்கு மூன்றாம் மாடியில் காலமானது. அன்னாரின் பிரிவால் பேப்பர்காரரும் அம்மாவின் மூட்டுவலியும் படிக்கட்டில் வாடுகிறார்கள்.

எனக்கு லாபம். எல்லோரும் படியேறித்தானே வர வேண்டும்! தீபாவளிக்கு வாங்கிய கேப் துப்பாக்கியோடு திருப்பத்தில் பதுங்கினேன். கூட்டாளி ஷரஃபுதீன் போனில் படம் பிடித்தான். சிக்கியவர் யார்? மேல் வீட்டு சப்-இன்ஸ்பெக்டர் வெள்ளைத்துரை சார். லுங்கி, கையில் இட்லி மாவுப் பாக்கெட்.

“ஹேண்ட்ஸ் அப்!”

மாவோடு சேர்த்துக் கையைத் தூக்கினார். “சுடுறதுன்னா வெரசா சுடுல. மாவு பொங்கிரும்.”

டப், டப். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் சரிந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவரால். “செத்துட்டேன். போய்ப் படி.”

ரீல் ஏற்றியாயிற்று. தலைப்பு: ‘போலீஸையே போட்டோம்ல’.

13 அக்டோபர்

பதினோராயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். பதினோராயிரம்! பள்ளியில் என் காலர் தானாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறது.

15 அக்டோபர்

சாரைச் சுட்டுவிட்டார்களாம்.

நிஜமாக.

வடபழனியில் ஒரு லாட்ஜ். செயின் பறிக்கும் கும்பல் தங்கியிருக்கிறது என்று போயிருக்கிறார். கதவைத் தட்டினார், திறந்தவன் கையில் கள்ளத் துப்பாக்கி. ஒரே குண்டு. டிவியில் சிவப்பு வட்டம் போட்டு அந்தக் கதவையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள். நடுநடுவே பட்டாசு விளம்பரம்.

ஷரஃபு கூப்பிட்டான். “மச்சி, அந்த ரீலு இன்னும் கீதுடா.”

அழித்துவிட்டேன். மறைந்தவருக்கு மரியாதை நிமித்தம். போனின் குப்பைத் தொட்டிக்குள்ளும் போய் அழித்தேன், ஷரஃபு போனிலும் அழிக்கவைத்தேன். தடயவியல் துறையே வந்து தலைகீழாக நின்றாலும் ஒரு துணுக்கு கிடைக்காது. நாமெல்லாம் யார்?

17 அக்டோபர்

மயானத்தில் போலீஸ்காரர்கள் வரிசையாக நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். துப்பாக்கியால் செத்தவருக்குத் துப்பாக்கியால் மரியாதை. தண்ணீர் லாரி மோதிச் செத்தால் நாலு லாரியை ஓட்டிக் காட்டுவார்களா? ஒவ்வொரு வெடிக்கும் அவர் மகள் மதுமதியின் தோள் துள்ளியது. மைக்கில் பேசிய யாருக்கும் அது தெரியவில்லை.

தெருமுனையில் வட்டார அண்ணன் ஒருவரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அண்ணன் ஆளுயரம், சார் பாஸ்போர்ட் அளவு. போன மாதம் ஒட்டிய அண்ணனின் பிறந்தநாள் போஸ்டர் மேலேயே இதை ஒட்டியிருக்கிறார்கள். அது சரியாக மறையவில்லை. அண்ணன் அதில் பிடித்திருந்த கைத்துப்பாக்கி மட்டும் அஞ்சலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

20 அக்டோபர், தீபாவளி

எங்கள் கட்டடத்தில் வெடி இல்லை. பக்கத்துத் தெருவில் பொடிசுகள் கேப் துப்பாக்கியோடு ஓடுகின்றன. சுடப்பட்டவன் விழுகிறான், எழுகிறான், “இப்ப என் டர்ன்டா” என்கிறான். வசதியான ஏற்பாடு. பெரியவர்களுக்கும் இதே விதிமுறைதான் என்று அந்த லாட்ஜில் சுட்டவன் நினைத்துவிட்டானோ?

நான்? நான் நினைக்கவில்லையா?

24 அக்டோபர்

படிக்கட்டில் மதுமதி நிறுத்தினாள்.

“ஹரி, எங்கப்பாவ வீடியோ எடுத்தியாமே?”

போனைப் பாக்கெட்டுக்குள் தள்ளினேன்.

“அன்னைக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. எங்ககிட்ட இருக்கறதெல்லாம் பரேடு வீடியோ. ஒண்ணுலயும் சிரிக்க மாட்டாரு. அனுப்புறியா?”

“அழிச்சிட்டேன்.”

“ஏன்?”

“மரியாதைக்கு...”

“பதினோராயிரம் பேர் பாத்தாங்கன்னு ஸ்கூல் முழுக்கப் பீத்திக்கிட்டியே. ஒருத்தராச்சும் எடுத்து வெச்சிருப்பாங்கல்ல?”

“தேடிப் பாக்கறேன்” என்றேன்.

25 அக்டோபர்

எங்கே போய்த் தேடுவது?

26 அக்டோபர், ஞாயிறு

இந்த நோட்டிலேயே பொய் எழுதி வைத்திருக்கிறேன், வெட்கம். அழித்தது மரியாதைக்கு இல்லை. போலீஸ் வந்து ‘நீதானேடா சுட்டுக் காட்டினவன்’ என்று தூக்கிக்கொண்டு போகும் என்று பயந்து, பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு அழித்தேன். அப்புறம் அந்தப் பதினோராயிரம். அதுவும் புருடா. பதினோராயிரம் பேர் பார்த்திருந்தால் எவனாவது ஒருத்தன் எடுத்து வைத்திருப்பானே!

மேலே போய் மதுமதியிடம் சொல்லிவிட்டேன். தலையை நிமிர்த்தவில்லை. “மொத்தம் நாப்பத்து மூணு வியூதான். அதுல முப்பது நானே பாத்தது.”

திட்டுவாள் என்று நின்றேன்.

“முப்பது தடவையா?” என்றாள். “அப்ப உனக்கு மனப்பாடமா இருக்கும். அப்பா என்ன சொன்னாரு, எப்படிச் சொன்னாரு, அப்படியே சொல்லு.” உள்ளே திரும்பி அம்மாவையும் கூப்பிட்டாள்.

சொன்னேன். கையைத் தூக்கியது, மாவு, லுங்கி, எல்லாம். இருவரும் சிரித்தார்கள். படியில் சரிந்து அவர் சொன்ன கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டேன். தொண்டை கட்டிக்கொண்டது என்றேன்.

அதுவும் பொய்தான்.