பாசி நாடாவால் அளந்த இடுப்பு

அன்புள்ள ஷியோரிக்கு,

ஹிடாகாக் கடற்கரையின் சக்கரவர்த்தியும், முறைத்துப் பார்த்தே அலைகளைத் திருப்பி அனுப்புகிறவனுமாகிய உன் தாய்மாமன் கென்சோ ஆசியோடு எழுதுவது. நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

நீ அத்தையிடம் போனில் அழுதாயாம். "நான் அனுப்பின மாத்திரையாலதான் மாமாவுக்கு இப்படி ஆச்சு" என்றாயாம். என்னிடம் பேசவே பயப்படுகிறாயாம். ஆகவே நடந்ததை, ஒரு துளியும் மிகைப்படுத்தாமல் எழுதுகிறேன்.

உன் முதல் சம்பளத்தில் வாங்கிய அந்தப் பச்சைப்பாசி மாத்திரை டப்பா வந்த அன்று ஊரே திரண்டு வந்தது. மூன்று தலைமுறையாகக் கடல்பாசி காய வைக்கிற வீட்டுக்கு, நீ வேலை பார்க்கும் ஃபுகுவோகாவிலிருந்து பாசி வருகிறதே. "மீனுக்குத் தண்ணி பார்சல் வந்திருக்காடா?" என்று பக்கத்து வீட்டு இவாவோ கேட்டான். பொறாமை. இடுப்பு குறையும் என்று அன்றிலிருந்து தினமும் கைநிறைய விழுங்கினேன்.

போன வருடப் பரிசோதனையில் நர்ஸ் குதோ அம்மாள் என் இடுப்பு எல்லை தாண்டிவிட்டது என்று எழுதிவிட்டாள் அல்லவா? அவளுடைய நாடாவை நான் நம்பவில்லை. கொட்டகையில் நாடாபோல் நீண்ட நம் காய்ந்த பாசி ஒன்றை என் இடுப்பளவுக்கு வெட்டித் தொங்கவிட்டு, ஞாயிறுதோறும் சுற்றிப் பார்த்தேன். மே மாதம் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டன. ஜூனில் முனைகள் இரண்டு விரல் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஜூலையில் ஒரு சாண். நான் பனிமலைபோல் உருகுகிறேன் என்று நினைத்து, சர்க்கரை மாத்திரைகளைத் தேயிலை டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

பரிசோதனை நாளில் ஊர் ஆண்கள் எல்லாரும் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்க, நான் மட்டும் கம்பீரமாகத் தளர விட்டு நின்றேன். குதோ அம்மாள் அளந்தாள். போன வருடத்தைவிட அதிகம். உடனே சட்டைக்குள்ளிருந்து என் பாசியை எடுத்து நீட்டினேன். அவள் தடவிப் பார்த்தாள்.

"கென்சோ-சான், ரெண்டு மாசமா மூடுபனி. பாசி ஈரம் குடிச்சு நீண்டிருக்கு. உங்க இடுப்பு எங்க குறைஞ்சுது?"

பாசிக்காரனைப் பாசியே ஏமாற்றிய கதையைக் கேட்டு கூரை இரண்டடி மேலே எழும்பும்படி சிரித்தார்கள். பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை இறங்கும்வரை படகேறக் கூடாது என்றுவிட்டார். இந்த அறுவடைக்கு அத்தையும் இவாவோவும் கடலுக்குப் போகிறார்கள். சக்கரவர்த்தி கரையில் கூழாங்கல்மேல் பாசி விரிக்கிறார்.

ஆகவே தீர்ப்பு: நீயும் குற்றமற்றவள், உன் டப்பாவும் குற்றமற்றது. "சர்க்கரை மாத்திரையோட சேர்த்துச் சாப்பிடுங்க மாமா" என்று நீ சொன்னாய். நிறுத்தியது நான். இப்போது தினமும் அத்தை முன்னால் விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டுகிறேன்.

இந்தக் கடிதத்தில் எழுத்து இவ்வளவு பெரிதாக இருப்பதைப் பார்த்து நீ ஒன்றும் நினைக்காதே. சக்கரவர்த்திகள் அப்படித்தான் எழுதுவார்கள்.

முன்னோரை வணங்கும் ஓபோன் விடுமுறைக்கு வந்துவிடு. ஒரு துணி நாடா வாங்கி வா. நீயே அளந்து சொல், நம்புகிறேன். அப்போது பக்கத்தில் வந்து, வெளிச்சம் பார்த்து நில். உன் முகத்தை நன்றாகப் பார்க்க வேண்டும்.

என்றும் உன்,
கென்சோ மாமா