பாகு தடவிய கறித்துண்டம்

வாய்க்கு ருசியாக ஆக்கிப் போட்டே எங்களைக் கெடுத்து வைத்த என் அண்ணனுக்கு,

இன்றைக்கு உனக்கு வருஷப் படையல். அம்மா விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்று வெள்ளாட்டுக் கறிக் குழம்பு வைத்தாள். கூரை மேல் சோற்றையும் கறியையும் வைத்துத் தொண்டை கிழியக் கூப்பிட்டும் ஒரு காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நாமகிரிப்பேட்டையில் காக்கைக்கா பஞ்சம்?

"எம்பட மவன் பட்டினியோட செத்திருக்கான். அதான் கோவிச்சுக்கிட்டு வரமாட்டீங்கறான்" என்று அம்மா சுவரோடு சாய்ந்துவிட்டாள். காக்கை எடுக்காமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்கிறாள். பட்டாளத்திலிருந்து உன் சாவுச் செய்தி வந்த நாளாக நீ பசியோடு போனாயோ என்ற இந்த ஒரு கேள்விதான் அவளை அரிக்கிறது. பட்டாளத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்த நீ பசியோடு எப்படிப் போவாய்?

நீ கடைசியாக லீவில் வந்தபோது ஆக்கினாயே, அது நினைவுக்கு வந்தது. ஆட்டுத் தொடையைக் கனமான துண்டம் போட்டு, பூண்டும் மிளகும் எலுமிச்சங்காய்ச் சாறும் பூசி ஊறவைத்து, தோசைக்கல்லில் சுட்டு, இறக்கும்போது வெல்லப்பாகைத் தடவி மினுமினுக்க வைத்தாய். "கறிக்கு வெல்லம் போடற கூத்த எங்கயும் கண்டதில்ல சாமி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் கேட்டு வாங்கித் தின்றாள்.

அன்று சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் நம் செவலைக் காளையின் கழுத்தைச் சொறிந்தபடி என்னிடம் சொன்னாய்: "அங்க தொரைகளுக்கு இத மாட்டுக்கறீலதான் செய்யறது, பாவாயி. நானுந் தின்னேன். பசிக்குத் தின்னிருந்தாக்கூடப் பரவால்ல புள்ள, ருசிக்குத் தின்னேன். அம்மாகிட்டச் சொல்லீராத."

செவலை உன் கையை நக்கியது. நீ கையை இழுத்துக்கொண்டாய்.

இன்று அதையே ஆட்டுக்கறியில் சுட்டேன். அவசரத்தில் ஊறவைக்கும்போதே வெல்லத்தையும் கரைத்து ஊற்றித் தொலைத்தேன். முதல் துண்டம் வெளியே கரி, உள்ளே பச்சை. மற்றதைக் கழுவி, மறுபடி பூசிச் சுட்டு, பாகைக் கடைசியில் தடவினேன். கூரையில் வைத்துவிட்டுத் திருச்செங்கோட்டு மலைப்பக்கம் கும்பிட்டுத் திரும்பினால், அடேயப்பா, காக்கை கொத்திக்கொண்டிருக்கிறது!

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டவள் மென்றபடியே கேட்டாள்: "அங்கயும் வெள்ளாட்டுக் கறீலதான கண்ணு செஞ்சு தின்னான்?"

கொட்டகையில் செவலை அசைபோட்டுக்கொண்டிருந்தது. "ஆமாங்கம்மா" என்றேன்.

"அப்ப எம்பட மவன் வயிறாரத் தின்னுட்டுத்தான் போயிருக்கான்" என்று இன்னொரு துண்டம் எடுத்தாள்.

எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. உனக்குப் படைத்த இலைக்கு முன்னால் உட்கார்ந்து பொய் சொல்லிவிட்டேனே, அண்ணா. மெய்யைச் சொல்லியிருந்தால் வாயில் இருந்ததைத் துப்பியிருப்பாளா? பிள்ளை பசியாறினான் என்பதே போதுமென்று விழுங்கியிருப்பாளா? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

வருஷா வருஷம் உனக்கு இதைச் சுட்டு வைப்பேன். பாகைக் கடைசியில்தான் தடவுவேன். அம்மா இருக்கும்வரை நான் வாய் திறக்கமாட்டேன். ஒருநாள் அவள் உன்னிடம் வருவாள். அப்போது நீயே சொல்லிக்கொள்.

உன் ரகசியத்தை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் தங்கை,
பாவாயி