தீபாராதனையில் வாங்கிய சத்தியம்

5 மார்ச் 1967, ஞாயிறு. சுரினாம்.

மதராஸ் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றுவிட்டதாம். அதற்கு எங்கள் கோயில் சங்கத் தலைவருக்கு என்ன கொண்டாட்டம்! தானே நின்று ஜெயித்ததுபோல இன்று காலை சிறப்புப் பூசை வைத்தார்.

வைக்கட்டும். ஆனால் தீபாராதனை முடிந்ததும் தட்டைப் பூசாரியிடமிருந்து வாங்கிக்கொண்டார். "சூடத்துமேல கைய வச்சு, நான் சொல்றதச் சொல்லுங்க" என்று இங்கே எல்லோரும் பேசும் கிரியோலில் சொல்லிவிட்டு, மற்றதைத் தமிழில் சொன்னார். இங்கே வரப்போகும் தேர்தலில் அவர் கைகாட்டும் ஆளுக்கே வாக்களிப்பதாகச் சத்தியம்! வாராவாரம் மந்திரத்தைத் திருப்பிச் சொல்வதுபோல எல்லோரும் சொன்னார்கள். தமிழ் வாத்தியாரான என்னைத் தவிர அங்கே யாருக்கும் தமிழ் புரியாது என்று தெரிந்துதானே அப்படிக் கேட்டார், அயோக்கியர்!

"இது என்ன அநியாயம்?" என்று கத்தினேன். "கோயில்ல சத்தம் போடாதீங்க, மாஸ்டர்" என்று தலைவர் என் கையில் விபூதியைத் திணித்தார்.

வீட்டுக்கு வந்து மனைவிக்கு அதைக் கிரியோலில் விளக்கினேன். அவளும் சூடத்தின் மேல் கை வைத்தவள்தான். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ! அப்ப அவர் சொல்ற ஆளுக்குத்தான் போடணும்."

"புரியாமச் சொன்னது சத்தியமே இல்ல. சாமி அதக் கணக்குல எடுக்காது."

அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தேவாரமும் எனக்குப் புரியாதுதான். பிள்ளை காய்ச்சல்ல கிடந்தப்போ ராத்திரி முழுக்கப் பாடினேனே, அதையும் சாமி எடுத்துக்கலையா?"

காலையில் அந்தச் சூடத் தட்டையே தட்டிவிட்டிருக்க வேண்டும், நான்.